கொரோனா ஊரடங்கில் கூட்டம் ஏன் கூடியது? அம்பத்தூர்க் காய்கறிக் கடையிலிருந்து சில குறிப்புகள்

கேள்வி: 25 ஏப்ரல் 2020, மாலை

நாளை முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும் இன்று சென்னையில் கடை வாசலெல்லாம் திருவிழாக் கூட்டம். ஒரு மாதமாகச் சொல்லியும் ஒரு மீட்டர் தள்ளி நிற்கத் தெரியாத மக்களை வைத்துக்கொண்டு எந்த அரசுதான் என்ன செய்ய முடியும்? ஒழுங்கு நம் இரத்தத்திலேயே இல்லை என்பது என் கருத்து. கடை நடத்துகிறவர்கள் யாரேனும் இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள்.

25 ஏப்ரல் 2020, இரவு 10 மணி

மறுத்துச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அம்பத்தூரில் பதினெட்டு ஆண்டுகளாகக் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். இன்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றவன் நான்.

சாதாரண நாளில் காலை 6 மணிக்குத் திறந்து இரவு 9.30 வரை வியாபாரம் செய்வேன். ஏறத்தாழ 250 பேர் வருவார்கள். மணிக்குப் பதினாறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 5 முதல் பகல் 1 மணிக்கே கடையை அடைக்க வேண்டும் என்றார்கள். வீட்டிலேயே மூன்று வேளையும் சமைப்பதால் வாங்க வருவோர் கூடினார்களே தவிரக் குறையவில்லை. 300 பேர் ஏழு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும் என்றால் மணிக்கு நாற்பதுக்கும் மேல். அதிலும் காலை ஏழரை முதல் பத்து வரைதான் நெருக்கம். கடையின் முகப்பு பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடியில் எத்தனை மீட்டர் இடைவெளியை அளந்து விட முடியும்?

நேற்று வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை மளிகைக் கடையும் காய்கறிக் கடையும் திறக்கக் கூடாது. எனவே வாங்குவதற்கு இருந்தது இன்று ஒரே நாள். அதையும் பிற்பகல் 3 மணி வரை நீட்டித்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தச் செய்தி பலருக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே என் கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது. காலை 6 முதல் 11 மணிக்குள் 480 பேர் வந்தார்கள். அவர்கள் ஒழுங்கு கெட்டவர்கள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே வாசல் வழியாக, ஒரே காலைப்பொழுதில், ஐந்து நாள் சமையலுக்கு வாங்கச் சொல்லப்பட்டவர்கள் அவர்கள்.

26 ஏப்ரல் 2020, மதியம்

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தங்கள்.

480 என்பது என் மகள் கல்லாவில் உட்கார்ந்து நோட்டில் எழுதிய வரவுகளின் எண்ணிக்கை. பலர் தக்காளி, வெங்காயத்தை முதலில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் இன்னொரு பையோடு திரும்பி வந்தார்கள். நோட்டை இன்று மறுபடி பார்த்து, ஆட்கள் 410 பேர் இருக்கலாம் என்று அவள் சொல்கிறாள். கணக்கு குறைந்தாலும் என் வாதம் மாறவில்லை. ஆனால் தவறான எண்ணை வைத்துக்கொண்டு வாதாட எனக்கு விருப்பமில்லை.

இரண்டாவது, நான் சொல்லாமல் விட்டது. கிலோ 60 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்த பீன்ஸை நேற்று ஒன்பதரை மணிக்கு 100 ஆக்கினேன். மண்டியில் விலை ஏறியிருந்தது உண்மை. ஆனால் 100 ரூபாய் அளவுக்கு ஏறவில்லை. பையைக் குறைத்துக்கொண்டாலாவது கூட்டம் விரைவாக நகரும் என்று அப்போது எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அது நியாயமில்லை என்பது இரவு கல்லாவை எண்ணும்போது தெரிந்தது. மக்களை மட்டும் குறை சொல்லாதீர்கள் என்று எழுதுகிறவன் தன் பங்கைச் சொல்லாமல் விடக் கூடாது.

27 ஏப்ரல் 2020

கடையைத் திறக்கத்தான் தடை. வண்டியில் கொண்டுபோய் விற்க அனுமதி உண்டு. கோயம்பேடு மொத்த வியாபாரமும் கட்டுப்பாடுகளோடு நடக்கிறது. ஆகவே அனுமதிச் சீட்டு ஒட்டிய குட்டியானை வண்டியில் நானும் மகனும் நேற்றும் இன்றும் தெருத்தெருவாகப் போனோம்.

இங்கே எனக்கு ஓர் அதிர்ச்சி. திறந்திருக்கும் நேரம் குறைந்ததால்தான் கூட்டம் என்று முந்தாநாள் அடித்துச் சொன்னேன். வண்டிக்கு அப்படியொரு நேரமே இல்லை. நாள் முழுக்கச் சுற்றலாம். இருந்தும் ஒலிபெருக்கியில் குரல் கேட்டதும் ஒரு தெருவே இறங்கி வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டது. ஓர் அம்மா மாடியிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். "நீங்க மறுபடி எப்ப வருவீங்கன்னு யாருக்குத் தெரியும் தம்பி?" என்று கேட்டார். நாளைக்கு வருவேனா என்று எனக்கே தெரியாது. கோயம்பேட்டில் சரக்கு கிடைப்பதையும், போலீஸ் எந்தச் சாலையை அடைத்திருக்கிறது என்பதையும் பொறுத்த விஷயம் அது.

எனவே நேரத்தைப் பற்றி நான் சொன்னது பாதி உண்மைதான். நாளைக்கும் கிடைக்கும் என்ற உறுதி இல்லாததே பெரிய காரணம் என்று இப்போது நினைக்கிறேன். உறுதியில்லாத இடத்தில் எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் முதல் கால் மணியிலேயே எல்லோரும் வந்து நிற்பார்கள்.

28 ஏப்ரல் 2020

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சுண்ணாம்பு வட்டம் போட்டீர்களா? கயிறு கட்டினீர்களா? எதுவும் செய்யாமல் அரசைச் சொல்வது எப்படிச் சரியாகும்?"

மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய வாரத்திலேயே வட்டம் போட்டேன். சுண்ணாம்போடு பிளீச்சிங் பவுடரைக் கலந்து பன்னிரண்டு வட்டங்கள். முதல் இரண்டு நாள் எல்லோரும் அதற்குள் நின்றார்கள். மூன்றாம் நாள் வெயில் ஏறியதும் அவரவர் கட்டைப் பையை வட்டத்துக்குள் வைத்துவிட்டு, எதிரே இருக்கும் வேப்பமர நிழலில் போய்ச் சேர்ந்து நின்றார்கள். பைகள் ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் தள்ளி வரிசை தவறாமல் இருந்தன. ஆட்கள் தோளோடு தோள் உரசி நின்றார்கள். நீங்கள் இதைப் படம் எடுத்துப் போட்டால் அறிவில்லாத மக்கள் என்று எழுதுவீர்கள். அந்த வரிசையில் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களை வெயிலில் முக்கால் மணி நேரம் நிற்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய ஃபிளெக்ஸ் பேனர்கள் இரண்டை மேலே இழுத்துக் கட்டினேன். அதற்குப் பிறகு பாதிப் பேர் வட்டத்துக்குத் திரும்பினார்கள். நிழல் போட்டால் நிற்கிறார்கள் என்பது நான் கண்ட உண்மை.

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்துத் தண்ணீர்முக்கம் ஊராட்சியில் வெளியே வருவோர் குடை பிடித்தாக வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். இரண்டு குடைகள் விரிந்திருந்தால் இடைவெளி தானாக அமைந்துவிடும், வெயிலும் படாது. விதி போடுகிறவர் வரிசையில் நிற்கும் உடம்பை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பது இதில் தெரிகிறது.

வட்டத்தால் திருத்த முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடியவர்கள் நம் ஊரில் குறைவு. பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். "தொடாதீர்கள், நானே பொறுக்கித் தருகிறேன்" என்று எழுதித் தொங்கவிட்டேன். பொறுக்கித் தருவது என்றால் ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், வரிசை நீளும். தொட விட்டால் தொற்றுப் பயம், தொட விடாவிட்டால் கூட்டம். கறிவேப்பிலை, கொத்தமல்லிக் கொசுறையும் நிறுத்தினேன், கைக்குக் கை மாறுவதைக் குறைப்பதற்காக.  கொசுறு இல்லை என்றதும் சிலருக்கு முகம் வாடிவிட்டது.

30 ஏப்ரல் 2020

இன்று காலை 6 முதல் மாலை 5 வரை திறக்கலாம் என்றார்கள். காலையில் சனிக்கிழமைக்குக் குறையாத கூட்டம். பிற்பகல் 2 மணிக்கு மேல் கடை வெறிச்சோடியது. நாளைக்கு என்ன விதி என்று கேட்டவர்கள் பலர். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

4 மே 2020, இரவு

இன்று மாநிலத்தில் ஒரே நாளில் 527 பேருக்குத் தொற்று என்று அறிவித்திருக்கிறார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று கோயம்பேட்டிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகப் பரவியிருக்கிறது என்பது செய்தி. மார்க்கெட்டை நாளை முதல் மூடுகிறார்கள்.

1996-இல் பழைய மொத்தச் சந்தையான கொத்தவால் சாவடியின் நெருக்கத்தைக் குறைக்கவே கோயம்பேடு வந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். இரவு 11 மணிக்கு லாரி வந்து நிற்கும். விடிவதற்குள் சரக்கு முழுவதும் ஊருக்குள் போய்விட வேண்டும். அங்கே மூட்டை இறக்குகிறவரும் தலைச்சுமை தூக்குகிறவரும் தூங்குவது கடை வாசலிலோ மூட்டைகளின் மேலோதான். குளிப்பதற்கும் கழிப்பறைக்கும் ஒரே கட்டணக் கூடத்தை நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள். அவர்களைத் தள்ளி நில்லுங்கள் என்று சொன்னால், எங்கே தள்ளி நிற்பது? நூறு கிலோ மூட்டையை இரண்டு பேர் சேர்ந்து தூக்கித்தான் மூன்றாமவர் முதுகில் ஏற்ற முடியும்.

எனக்குப் பத்து ஆண்டுகளாக மூட்டை தூக்குகிறவர் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். போன வாரம் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் ஏறி ஊருக்குப் போய்விட்டார். இன்று தொலைபேசியில் பேசினார். ஊர் எல்லையிலேயே நிறுத்தி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்களாம். "அண்ணே, எனக்குக் காய்ச்சல்கூட இல்லை. நான் தொட்ட சைக்கிளைக் கழுவுறாங்க" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இங்கே ஓர் அன்பர் "கோயம்பேட்டு வியாபாரிகள் மாநிலத்துக்கே பரப்பிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, ஒரு மாதமாக உங்கள் வீட்டுச் சாம்பாரில் முருங்கைக்காய் கிடந்தது அவர்கள் ஒருநாளும் ஓயாமல் தூக்கியதால்தான். அத்தியாவசியப் பணி என்று விலக்கு அளித்து வரச் சொன்னோம். வந்தவர்களுக்குப் படுக்க இடம் ஒதுக்கினோமா, முறை வைத்து வரச் செய்தோமா, ஏப்ரல் நடுவிலேயே சோதித்துப் பார்த்தோமா? பூவையும் பழத்தையும் மாதவரத்துக்கு மாற்றியதும், சில்லறை விற்பனையை நிறுத்தியதும் ஏப்ரல் கடைசியில். அதே ஏற்பாட்டை மூன்று வாரம் முன்னால் செய்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

9 மே 2020

சளி மாதிரி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கோயம்பேடு போய் வந்தவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன். வீட்டு வாசலில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்ற தாளை ஒட்டினார்கள். அது சரியானது; எனக்கு மறுப்பில்லை. ஆனால் மாலையில் வந்தவர்கள் கேட்டின் மேல் தகரம் வைத்து அடித்தார்கள். என் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. இரவில் மூச்சு முட்டினால் எந்த வழியாக வெளியே கொண்டுபோவது என்று கேட்டேன். மேலிடத்து உத்தரவு என்றார் ஒருவர். மறுநாள் காலை வரும் சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள் என்றார் இன்னொருவர்.

10 மே 2020

காலையில் வந்த அம்மையார், வயதில் என் மகளுக்கு அக்காவாக இருக்கலாம், தகரத்தைப் பார்த்ததும் உடனே ஒரு பக்கத்தைப் பிரிக்கச் சொன்னார். கபசுரக் குடிநீர்ப் பொட்டலம் கொடுத்தார். வெயிலில் முழுக் கவச உடைக்குள் அவர் கண்ணிமையில் வியர்வை சொட்டியது. நேற்று எழுதியதில் இருந்த கோபத்தை அவர்மேல் யாரும் ஏற்றிவிட வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

11 மே 2020

இனி மதுக்கடை விவாதம். மே 7 அன்று சென்னை நீங்கலாகப் பல இடங்களில் டாஸ்மாக் திறந்தது. ஐம்பது வயதைக் கடந்தவருக்குக் காலை 10 முதல் 1 வரை, நாற்பது முதல் ஐம்பது வரையுள்ளவருக்கு 1 முதல் 3 வரை, இளையவருக்கு 3 முதல் 5 வரை என்று நேரம் பிரித்தார்கள். மறுநாளே நிபந்தனைகள் மீறப்பட்டதாகச் சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூட உத்தரவிட்டது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

மது வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. என் கேள்வி வேறு. சாராயத்துக்கு வயது வாரியாக நேரம் பிரிக்கத் தெரிந்த நிர்வாகம், ஏப்ரல் 25 அன்று கத்தரிக்காய்க்கு ஏன் அப்படிப் பிரிக்கவில்லை? இன்னும் நல்ல முன்மாதிரி நம் கையிலேயே இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும், விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். முதல் நாள் ரேஷன் கடைகளில் நெரிசல். உடனே டோக்கனையும் பணத்தையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் டோக்கனில் தேதியும் நேரமும் எழுதியிருந்தன. என் மனைவி சொன்ன நேரத்துக்குப் போனார். அவருக்கு முன்னால் ஏழு பேர்தான் நின்றார்களாம். அதே தெருவினர், அதே இரத்தம். நம் பெயருக்கு ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறது என்று தெரிந்தால் யாரும் முண்டியடிப்பதில்லை.

13 மே 2020

வாணியம்பாடியில் நகராட்சி ஆணையரே தள்ளுவண்டியைக் கவிழ்க்கிற காணொளியை நேற்றிலிருந்து எத்தனையோ பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பழங்கள் சாலையில் உருளுகின்றன. தள்ளுவண்டிக்காரரின் முதலீடு என்பது வட்டிக்கு வாங்கி அதிகாலையில் சரக்கு போட்டது. மாலையில் வட்டியோடு திருப்ப வேண்டும். விதியை மீறியிருந்தால் அபராதம் போடுங்கள். பழத்தை மண்ணில் கொட்டுவதால் எந்தக் கிருமி சாகிறது?

14 மே 2020

எனக்குத் தொற்று இல்லை என்று முடிவு வந்துவிட்டது. தனிமை 22 வரை தொடரும். விழுப்புரத்துக்காரருக்குத் தொற்று இருக்கிறது, மருத்துவமனைக்கு மாற்றியிருக்கிறார்கள். குரல் தெளிவாகத்தான் இருக்கிறது.

26 மே 2020

கடை திறந்து மூன்று நாளாயிற்று. இப்போது மாலை 7 மணி வரை திறந்திருக்கலாம். கோயம்பேட்டுக்குப் பதிலாகத் திருமழிசையில் சுமார் 200 கடைகளோடு தற்காலிகச் சந்தை நடக்கிறது. நள்ளிரவில் கிளம்பி அங்கே போகிறேன்.

எண்ணிக்கை இதோ. நேற்று 13 மணி நேரத்தில் 190 பேர் வந்தார்கள். மிக நெருக்கமான மணியில் இருபத்தாறு பேர். ஏப்ரல் 25 அன்று நெருக்கமான மணியில் 120. என் பன்னிரண்டு அடிக்கு இருபத்தாறு பேர் தாராளமாகத் தாங்கும். வட்டங்களில் சில காலியாகவே இருந்தன.

ஆனால் இந்த எண்ணை அப்படியே என் கட்சிக்குச் சான்றாகக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. வாசலில் தகரம் அடித்த கடைக்காரன் என்பதால் வராமல் போனவர்கள் இதில் அடங்கியிருக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளாக என்னிடமே வாங்கும் ஒரு குடும்பம். அவர்கள் வீட்டுத் திருமணத்துக்கு நான்தான் காய்கறி போட்டேன். அந்த வீட்டு அம்மா முந்தாநாள் என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எதிர்ச்சாரிக்கு மாறிப் போனார். அவருக்கு மகள் வயிற்றுப் பேரன் பிறந்து நாற்பது நாள்தான் ஆகிறது; பயம் நியாயமானதே. நியாயம் என்று தெரிந்தும் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

20 ஜூன் 2020

நேற்று முதல் சென்னையிலும், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் சில பகுதிகளிலும் மறுபடியும் முழு ஊரடங்கு, 30 வரை. இம்முறை 15-ஆம் தேதியே அறிவித்துவிட்டார்கள். காய்கறிக் கடைகள் பகல் 2 மணி வரை திறந்திருக்கும், இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்து போய் வாங்கலாம், ஞாயிறுகளில் மட்டும் ஒன்றும் கிடையாது என்று முன்கூட்டியே தெளிவாகச் சொன்னார்கள்.

18-ஆம் தேதி, அதாவது தொடங்குவதற்கு முதல் நாள், என் கடையில் நெருக்கமான மணியில் நாற்பத்தைந்து பேர். வழக்கத்தைவிட அதிகம்தான், ஆனால் ஏப்ரல் 25-இன் பாதிகூட இல்லை. நான்கு நாள் அவகாசம் இருந்தது. அடைத்த பிறகும் கடை இருக்கும் என்ற உறுதி இருந்தது. தெரு அதே தெரு. கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

21 ஜூன் 2020

நேற்றைய குறிப்பைப் படித்த ஒரு வாசகர், அந்த நான்கு நாளில் செங்கல்பட்டுச் சுங்கச்சாவடியைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார். பார்க்கவில்லை, படங்களைப் பார்த்தேன். கட்டிலையும் கேஸ் அடுப்பையும் கட்டிக்கொண்டு, வாடகை கொடுக்க முடியாதவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். இ-பாஸ் என்ற பயண அனுமதி கிடைத்தவர் காரில், கிடைக்காதவர் இரு சக்கர வண்டியில் குறுக்கு வழியாக. அவகாசம் கொடுத்தால் கடையில் கூட்டம் குறைகிறது, சாலையில் கூட்டம் கூடுகிறது என்பது அவர் வாதம்.

ஓரிரவு யோசித்தேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. தொற்றைத் தடுக்க நினைப்பவருக்கு அவகாசம் என்பது இருபக்கமும் கூரான கத்திதான். ஆயினும் சென்னையை விட்டுப் போனவர்கள் அறிவிப்பால் மட்டும் போகவில்லை. மூன்று மாதமாகக் கூலி இல்லை, வீட்டுக்காரர் வாடகை கேட்கிறார், இங்கே இருந்து சாப்பிட வழியில்லை. அவகாசமே கொடுக்காமல் அடைத்திருந்தால் அவர்கள் நடந்தே போயிருப்பார்கள். மார்ச் மாதத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் அப்படித்தான் நடந்தார்கள். அறிவிப்போடு சோற்றுக்கும் வாடகைக்கும் வழி சொல்லியிருந்தால் அவர்களில் பலர் இருந்த இடத்திலேயே இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். அவகாசம் மட்டும் போதும் என்ற தொனியில் நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

27 ஜூன் 2020

சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த செய்தி. கடையை அனுமதித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித்தான் அழைத்துப் போயிருக்கிறார்கள்.

2 மணிக்கு அடைக்க வேண்டிய கடையை மூன்று நாளாக 1.40-க்கே இறக்கிவிடுகிறேன். கடைசி இருபது நிமிடத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து, "ஒரு கட்டு கீரை மட்டும்" என்கிறார்கள். கொடுக்கக் கை நடுங்குகிறது. கொடுத்து அனுப்புகிறேன்.

29 செப்டம்பர் 2020

நேற்று முதல் கோயம்பேட்டில் காய்கறி மொத்தக் கடைகள் திறந்துவிட்டன. திருமழிசையில் மழைக்குப் பிறகு முழங்கால் சேற்றில் தக்காளிப் பெட்டி இறக்கிய ஜூலை மாத இரவுகள் முடிந்தன. நுழைவாயிலில் வெப்பம் பார்க்கிறார்கள், முகக் கவசம் இல்லாதவரை உள்ளே விடுவதில்லை. உள்ளே அகலமாக இருக்கிறது. இவ்வளவு அகலம் இங்கே எப்போதும் இருந்ததா என்று வியந்தேன்.

விழுப்புரத்துக்காரர் வந்துவிட்டார். இளைத்திருக்கிறார், எண்பது கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஊரில் இரண்டு மாதம் யாரும் கூலிக்குக் கூப்பிடவில்லையாம். அவருடைய மகன் விளையாடப் போனால் மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்களாம். அதை அவர் எந்த வருத்தமும் காட்டாமல் சொன்னார். டீ குடிக்கும்போது, "மறுபடியும் திடீர்னு மூடுவாங்களா அண்ணே? முன்னாடியே சொன்னா போதும், நான் ஊருக்குப் போகாம இங்கேயே எங்கயாவது தங்கிக்குவேன்" என்றார்.

வாயிலில் காவலாளி வெப்பமானியை நெற்றிக்கு நேரே பிடித்தபோது, விழுப்புரத்துக்காரர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பாலித்தீன் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே நான்காக மடித்த தாள். குணமடைந்தார் என்று மே மாதம் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தது. மடிப்புகளில் மை அழிந்திருந்தது. அதெல்லாம் வேண்டாம், உள்ளே போங்கள் என்றார் காவலாளி. அவர் அதை மறுபடியும் மடித்து, உறையில் போட்டு, பைக்குள் வைத்துப் பொத்தானை மாட்டிய பிறகுதான் நகர்ந்தார்.